ஜான் டீக்கனின் பேஸைக் கேட்பது எப்படி: குயீன் ரசிகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குயீன் இசைக்குழுவின் பாடல்களில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தவை இரண்டுதான். இரண்டுமே 1980இல். ஒன்று, ஃப்ரெடி மெர்குரி எழுதிய ‘கிரேஸி லிட்டில் திங் கால்டு லவ்’. மற்றொன்று ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’. இதை எழுதியது பிரையன் மேயும் இல்லை, ரோஜர் டெய்லரும் இல்லை. மேடையில் ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று, பெரும்பாலும் பாட்டுக்கு வாய் திறக்காமல், பேஸ் கிதார் வாசித்துக்கொண்டிருந்த ஜான் டீக்கன்.

குயீனைப் பல வருடமாகக் கேட்பவர்கள்கூட நான்கு பேரின் பெயரைச் சொல்லும்போது நான்காவது பெயருக்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மெர்குரியின் குரல், பிரையன் மேயின் அடுக்கடுக்கான கிதார், ரோஜர் டெய்லரின் உச்சக்கட்டக் கூவல் எல்லாம் ஒன்றாக வந்து மோதும்போது காது எங்கே போகும்? டீக்கன் ஸ்டுடியோவில் பின்னணிகூடப் பாடியதில்லை. பேட்டிகளிலும் அதிகம் பேசியதில்லை. அவருடைய வேலை முழுக்க அடியில் இருக்கிறது. அதைக் கேட்பதற்குக் காதைக் கொஞ்சம் பழக்க வேண்டும்.

அதற்குத்தான் இந்த வழிகாட்டி. வாத்தியம் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மேற்கத்திய இசைக் குறியீடும் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஒரு படி என்று நிதானமாகப் போனால் போதும். கடைசிப் படி மட்டும் கையில் பேஸ் வைத்திருப்பவர்களுக்கு.

படி 1: முதலில் போன் ஸ்பீக்கரை அணையுங்கள்

டீக்கனைப் பலர் கேட்காமலே போனதற்குப் பாதிக் காரணம் கருவிதான். பேஸ் கிதாரின் நான்கு தந்திகளில் மிகத் தடித்ததை மீட்டினால் வரும் ஒலி சுமார் 41 ஹெர்ட்ஸ். அடுத்தவை 55, 73, 98. போனிலும் லேப்டாப்பிலும் உள்ள சின்ன ஸ்பீக்கர்களால் இவ்வளவு தாழ்ந்த அதிர்வை எழுப்ப முடியாது. மேலே கிளம்பும் துணை அதிர்வுகளை வைத்து மூளை அந்த ஸ்வரத்தை ஊகித்துக்கொள்ளும். ஸ்வரம் தெரியும், கனம் தெரியாது. எவ்வளவு நேரம் ஒலித்தது, எந்த இடத்தில் நின்றது என்பதெல்லாம் மங்கிப்போகும். டீக்கனிடம் கேட்க வேண்டியதே அதுதான்.

எனவே காதை மூடி உட்காரும் ஹெட்போனோ ஓரளவு பெரிய ஸ்பீக்கரோ வேண்டும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ‘பேஸ் பூஸ்ட்’ இருந்தால் அணைத்துவிடுங்கள். அது எல்லாத் தாழ்ந்த ஒலிகளையும் ஒரே சேறாக்கிவிடும். ஈக்வலைசர் இருந்தால் நேர்மாறாகச் செய்து பாருங்கள்: தாழ்ந்த பகுதியைத் தொடாமல், உச்ச ஒலிகளைக் கொஞ்சம் குறையுங்கள். சிம்பல் சத்தமும் கிதாரின் கூர்மையும் விலகியதும் பேஸ் தானாக முன்னே வரும்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். குரலோடு சேர்ந்து முணுமுணுப்பதை நிறுத்திவிட்டு, பேஸோடு முணுமுணுக்கப் பாருங்கள். மிருதங்கத்தில் வலந்தலையின் சொற்களை விட்டுவிட்டு தொப்பியின் கும்கியை மட்டும் பிடித்துத் தொடர்வதைப் போன்றது இது. முதலில் நழுவும். பிடித்த பிறகு அதை விட்டுக் கேட்கவே முடியாது.

படி 2: ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

1951 ஆகஸ்ட் 19 அன்று இங்கிலாந்தின் லெஸ்டரில் பிறந்தவர். பள்ளி நாட்களில் நண்பர்களோடு ஒரு சின்னக் குழுவில் முதலில் ரிதம் கிதார் வாசித்தார், பிறகு பேஸுக்கு மாறினார். இந்த வரிசையை நினைவில் வையுங்கள். கிதாரிலிருந்து பேஸுக்கு வந்தவர் என்பதால்தான் பின்னால் தன் பாடல்களில் ரிதம் கிதாரையும் தானே வாசித்தார்.

லண்டனில் செல்சீ கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்து 1971இல் முதல் வகுப்பில் தேறினார். அதே வருடத் தொடக்கத்தில்தான் குயீனில் சேர்ந்தார். அதற்கு முன்பு அந்தக் குழுவில் பேஸ் வாசிக்க ஒருவர் மாற்றி ஒருவர் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள், யாரும் நிலைக்கவில்லை. டீக்கன் வந்தார், குழு அதன் பிறகு கலையவே இல்லை. 1973இல் வெளியான முதல் ஆல்பத்தின் உறையில் அவர் பெயரை ‘டீக்கன் ஜான்’ என்று திருப்பிப் போட்டிருந்தார்கள். அடுத்த ஆல்பத்திலிருந்து சரியானது.

படி 3: ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’, ஒலிக்காத இடங்களைக் கேளுங்கள்

எல்லோருக்கும் தெரிந்த பாட்டிலிருந்தே தொடங்கலாம். மூன்று தடவை கேளுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றுக்காக.

முதல் தடவை, பேஸ் என்ன வாசிக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். மேற்கத்திய இசையின் எழுத்துப் பெயர்களில் சொன்னால், ஏ, ஜி என்று இரண்டு ஸ்வரம் சட்டென்று இறங்கி, பேஸின் ஆகத் தாழ்ந்த ஈ ஸ்வரத்தில் வந்து விழும். அங்கே மூன்று அடி. பிறகு ஈ ஸ்வரத்திலிருந்து கிளம்பி ஜி, ஏ வரை போய்த் தொடும் ஒரு சின்னச் சங்கதி. அவ்வளவுதான். மொத்தம் மூன்றே ஸ்வரங்கள்.

இரண்டாம் தடவை, அந்த மூன்று அடிகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுமில்லை. ஒவ்வொரு அடியும் பளிச்சென்று வெட்டப்பட்டிருக்கும். இது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தாழ்ந்த ஈ, விரல் எதுவும் அழுத்தாத ஓப்பன் ஸ்ட்ரிங். தட்டினால் தானாக நிற்காது, ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் கையை வைத்து அதை அடக்க வேண்டும், அதுவும் தாளத்துக்குள் ஒரே இடத்தில். தட்டுவது பாதி வேலை, நிறுத்துவது மீதி. நம் சங்கீதத்தில் கார்வை சரியாக விழுந்தால்தான் அடுத்த எடுப்பு நிற்கும் என்பார்கள். இந்தப் பாட்டு முழுவதும் அந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

மூன்றாம் தடவை, பேஸைச் சுற்றி மற்றவர்கள் எப்படி ஒதுங்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். டெய்லருக்கு அதிரும், முழங்கும் ட்ரம்ஸ்தான் பிடிக்கும். இதில் ட்ரம்ஸுக்குள் போர்வையை அடைத்து, டேப் ஒட்டி, சத்தத்தை உலர வைத்து, பதிவான துண்டையே சுழல விட்டிருக்கிறார்கள். பிரையன் மேயின் கிதார் கோட்டைகள் எதுவும் இல்லை. அந்த மெல்லிய, துடிப்பான ரிதம் கிதாரை வாசித்தவர் டீக்கனேதான். பின்னால் வரும் விசித்திரமான இழுவைகள் சின்தசைசர் அல்ல. பியானோவையும் சிம்பலையும் பதிவு செய்து டேப்பைத் தலைகீழாக ஓட்டியதால் வந்தவை. மியூனிக்கின் மியூசிக்லேண்ட் ஸ்டுடியோவில் மாக் என்ற தயாரிப்பாளரோடு செய்த வேலை இது.

இந்த பேஸ் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1979இல் ஷிக் குழு வெளியிட்ட ‘குட் டைம்ஸ்’ பாட்டைப் போட்டுக் கேளுங்கள். பெர்னார்ட் எட்வர்ட்ஸின் பேஸில் அந்த முதல் மூன்று அடியின் சாயல் அப்படியே தெரியும். டீக்கன் சிறுவயதிலிருந்தே ஸோல் இசை கேட்டு வளர்ந்தவர், ஷிக் குழுவோடு ஸ்டுடியோவில் பழகியும் இருக்கிறார். எட்வர்ட்ஸின் பேஸ் அந்த மூன்றுக்குப் பிறகு நெளிந்து நடனமாடும். டீக்கனுடையது நடனத்தை எடுத்துவிட்டு எலும்பை மட்டும் வைத்துக்கொண்டது. கடன் கடன்தான், ஆனால் விளைந்தது வேறு பயிர்.

இதைத் தனிப்பாடலாக வெளியிடும் எண்ணமே முதலில் குழுவுக்கு இருக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் கச்சேரிக்கு வந்த மைக்கேல் ஜாக்சன் வற்புறுத்திய பிறகுதான் வெளியிட்டார்கள். 1980 அக்டோபரில் மூன்று வாரம் முதலிடம். கறுப்பின மக்களின் இசைக்கான ஸோல் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. இங்கிலாந்தின் ஒரு ராக் குழுவுக்கு அந்த நாளில் அது நினைத்துப் பார்க்க முடியாத இடம்.

படி 4: ‘டோன்ட் ஸ்டாப் மீ நவ்’, கிதார் இல்லாத இடத்தை நிரப்புவது யார்?

1978இல் வந்த ‘ஜாஸ்’ ஆல்பத்தில் உள்ளது. இதில் பிரையன் மேயின் கிதார் எங்கே வருகிறது என்று தேடுங்கள். நடுவில் ஒரு தனி ஆவர்த்தனம். அதைத் தவிர பாட்டில் கிதாருக்குக் கிட்டத்தட்ட இடமே இல்லை. ராக் பாட்டு என்று நினைத்துத்தான் கேட்கிறோம், ஆனால் ஓடுவது பியானோ, ட்ரம்ஸ், பேஸ் மூன்றும்தான்.

கிதார் இல்லாததால் பேஸுக்கு இரட்டை வேலை. காலால் மிதித்து அடிக்கும் கிக் ட்ரம்மோடு சேர்ந்து தாளத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். கூடவே, மெர்குரி ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்கு மூச்சு வாங்கும் இடைவெளியில் பாட்டைத் தள்ளிவிட வேண்டும். வரிகளின் முடிவை மட்டும் கவனித்துக் கேளுங்கள். குரல் நின்ற கணத்தில் பேஸ் கொஞ்சம் மேலே ஏறி ஒரு சின்ன நடை போட்டுவிட்டு, குரல் திரும்பியதும் சட்டென்று கீழே இறங்கி அடங்கிவிடும். ஒரு இடத்தில்கூட குரலின் மேல் ஏறாது. இப்படி அடக்கி வாசிக்கத் தனித் தைரியம் வேண்டும் என்பது என் எண்ணம். இந்த வேகத்தில் விரல் ஓடத் தெரிந்தவனுக்கு அதிகம் வாசிக்கத்தான் கை துடிக்கும்.

படி 5: ‘பொஹீமியன் ராப்சடி’, பேஸ் நுழையும் கணம்

சின்னப் பயிற்சி. இந்தப் பாட்டு குரல்களோடு தொடங்குவது தெரியும். 50வது நொடி வாக்கில் அந்தக் குரல் அடுக்கு கரைந்து பியானோ தனியாக ஒரு நடை தொடங்கும். அங்கேதான் டீக்கனும் உள்ளே வருகிறார். ட்ரம்ஸ் வருவதற்கு இன்னும் அரை நிமிடம் இருக்கிறது.

அந்த அரை நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். தாளம் பிடிக்க ஆள் இல்லை, மெர்குரியின் இடக்கை ஏற்கனவே பியானோவின் தாழ்ந்த ஸ்வரங்களை வாசித்துக்கொண்டிருக்கிறது. பேஸ் எதுவும் செய்யாமலே இருந்திருக்கலாம். டீக்கன் அந்த ஸ்வரங்களுக்கு அடியில் நீளமாகத் தாங்கி நிற்கிறார். மெர்குரியின் குரல் வரும்போது பாட்டுக்கு ஒரு உடம்பு இருப்பது போலத் தெரிவது அதனால்தான். பின்னால் ஆபரா பகுதியும் ராக் பகுதியும் ஆர்ப்பாட்டமாக வரும்போது எல்லோரும் கிதாரைத்தான் கேட்பார்கள். நீங்கள் ராக் பகுதியில் பேஸைத் தேடுங்கள். பிரையன் மே திரும்பத் திரும்ப வாசிக்கும் கிதார் வரியோடு (ரிஃப்) ஒட்டி ஓடி, அதற்கு இரண்டு மடங்கு கனம் கொடுத்திருப்பார்.

படி 6: ‘த மில்லியனர் வால்ட்ஸ்’, பேஸே பாடும்போது

டீக்கனின் திறமையை ஒரே பாட்டில் காட்டு என்று யாராவது கேட்டால் நான் ‘அனதர் ஒன்’ பாட்டைப் போட மாட்டேன், இதைப் போடுவேன். 1976இல் வந்த ‘எ டே அட் த ரேசஸ்’ ஆல்பத்தில், மெர்குரி எழுதியது. பெரிய ஹிட் இல்லை, அதனால் பலர் தாண்டிப் போய்விடுவார்கள்.

முதல் ஒன்றரை நிமிடம் அளவுக்கு வாத்தியம் என்றால் பியானோவும் பேஸும்தான். வால்ட்ஸ் என்பது மூன்று எண்ணிக்கை நடை: ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு-மூன்று. வழக்கமாக பேஸ் ‘ஒன்று’ என்ற இடத்தில் ஒரு அடி அடித்துவிட்டு நகர்ந்துகொள்ளும். இங்கே அந்த வேலையைப் பியானோவே பார்த்துக்கொள்கிறது. டீக்கனுக்குக் கை காலியாகிறது. அவர் என்ன செய்கிறார் என்று கேளுங்கள்: பேஸின் கழுத்தில் மேலே ஏறி, செல்லோ வாசிப்பது போல, குரலுக்கு எதிராக இன்னொரு மெட்டைப் பாட ஆரம்பிக்கிறார்.

கேட்கும் முறை இது. முதல் தடவை மெர்குரியின் மெட்டோடு முணுமுணுங்கள். அடுத்து திரும்ப முதலிலிருந்து வைத்து, குரலைப் பின்னால் தள்ளிவிட்டு பேஸின் மெட்டோடு மட்டும் முணுமுணுங்கள். முழுசாக, தனியாகப் பாடக்கூடிய ஒரு மெட்டு அங்கே இருப்பது தெரியும். பிறகு இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். குரல் ஏறும்போது பேஸ் இறங்கி வழி விடுகிறது, குரல் நீட்டி நிற்கும்போது பேஸ் நகர்கிறது. இருவரும் பேசிவைத்துக்கொண்டு செய்வது போலவே இருக்கும்.

பாட்டின் நடுவில் எல்லோரும் சேர்ந்து திடீரென்று ராக்குக்குத் தாவுவார்கள். அந்த நொடியில் இதே மனிதர் மெட்டையெல்லாம் மூட்டை கட்டிவிட்டுத் தடித்த தந்திக்கு இறங்கி நெருக்கி அடிப்பார். மெர்குரியின் மனநிலை எவ்வளவு வேகமாக மாறும் என்பதை அறிந்த ஒரு பேஸ்காரரால்தான் இப்படிக் கூடவே திரும்ப முடியும்.

இதே வரிசையில் இன்னொன்று, ‘ த கேம்’ ஆல்பத்தின் ‘டிராகன் அட்டாக்’. பிரையன் மே எழுதியது. அதில் ட்ரம்ஸுக்கும் பேஸுக்கும் தனித்தனியாக ஆட இடம் விட்டிருக்கிறார்கள். டீக்கன் தனியாக வாசிப்பதைக் கேட்கக் கிடைக்கும் அபூர்வமான இடங்களில் ஒன்று.

படி 7: ‘அண்டர் பிரெஷர்’, ஒரே ஸ்வரத்தின் தைரியம்

1981இல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூவில் குழு பதிவில் இருந்தபோது பாடகர் டேவிட் போவி வந்து சேர்ந்துகொண்டதால் உருவான பாட்டு. பேஸில் டி ஸ்வரம் ஆறு தடவை, அப்புறம் கீழே ஏ ஸ்வரத்துக்கு ஒரு தாவல். பேஸில் இது இடது கையை நகர்த்தாமலே வாசிக்கக்கூடியது. இரண்டும் அடுத்தடுத்த தந்திகளில் ஒரே ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) இருக்கின்றன. விஷயம் ஆறு அடிகளின் இடைவெளியில் இருக்கிறது. சமமாக அடித்தால் கடிகாரம் போல ஆகிவிடும். சில அடிகள் நெருங்கியும் சில விலகியும் விழுவதால்தான் அது மெட்டாகிறது.

இந்த பேஸை யார் கண்டுபிடித்தார் என்பதில் சம்பந்தப்பட்டவர்கள் சொல்வதே ஒத்துப்போவதில்லை. டீக்கன் வாசித்துக் காட்டிவிட்டுச் சாப்பிடப் போய் வந்ததும் மறந்துவிட்டார், டெய்லர்தான் நினைவுபடுத்தினார் என்பது ஒன்று. போவி குறுக்கிட்டு மாற்றினார் என்பது இன்னொன்று. டீக்கனோ ஒரு பேட்டியில் பெருமையைப் போவிக்கே கொடுத்துவிட்டார். தன் பங்கைப் பெரிதாக்கிச் சொல்லும் வழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது. அதனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் வாக்குமூலத்தை வைத்து அவருக்கு எதிராகத் தீர்ப்பெழுத எனக்கு மனம் வரவில்லை. 1990இல் ராப் பாடகர் வெனிலா ஐஸ் ‘ஐஸ் ஐஸ் பேபி’ பாட்டில் இதே பேஸை எடுத்துக்கொண்டு முதலில் பெயர் போடாமல் விட்டதும், பிறகு குயீனுக்கும் போவிக்கும் பெயர் போட நேர்ந்ததும் தனிக்கதை.

படி 8: அவர் எழுதிய பாடல்களை வரிசையாகக் கேளுங்கள்

1974இல் வந்த ‘ஷீர் ஹார்ட் அட்டாக்’ ஆல்பத்தில் ‘மிஸ்ஃபையர்’ என்று ஒரு குட்டிப் பாட்டு. டீக்கன் எழுதி வெளியான முதல் பாட்டு அது. இரண்டு நிமிடம்கூட இல்லை. அதிலேயே பெரும்பாலான கிதாரையும் அவரே வாசித்திருக்கிறார்.

அடுத்த வருடமே, ‘எ நைட் அட் த ஆபரா’ ஆல்பத்தில் ‘யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்’. தன் மனைவிக்காக எழுதியது. இதற்கு எலக்ட்ரிக் பியானோதான் வேண்டும் என்று டீக்கன் முடிவு செய்திருந்தார். மெர்குரிக்கு அந்த வாத்தியத்தின் ஓசையே பிடிக்காது, தொட மாட்டேன் என்றுவிட்டார். டீக்கன் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தானே கற்றுக்கொண்டு வந்து பதிவில் வாசித்தார். தொடக்கத்தில் கரகரப்பாக அலையும் அந்த வுர்லிட்சர் எலக்ட்ரிக் பியானோ அவர் கை. மேடையில் மெர்குரி இதைத் தனது பெரிய பியானோவில்தான் வாசித்தார், அதையும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். டீக்கன் ஏன் அந்த ஓசைக்காகப் பிடிவாதம் பிடித்தார் என்பது விளங்கிவிடும்.

இதே ஆல்பத்தில் பிரையன் மே எழுதிய ‘39’ பாட்டையும் விடாதீர்கள். டபுள் பேஸ் வாசித்தால் நன்றாக இருக்குமே என்று மே பாதி விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். ஆள் உயரத்துக்கு நிற்கும் வாத்தியம் அது. ஃப்ரெட் கிடையாது, காதை நம்பித்தான் விரல் வைக்க வேண்டும். சில நாட்களில் டீக்கன் அதைக் கற்றுக்கொண்டு ஸ்டுடியோவில் தயாராக நின்றார். ஆல்பத்தில் கேட்பது அதுதான்.

1977இல் ‘ஸ்ப்ரெட் யுவர் விங்ஸ்’. மதுக்கடையில் துடைத்துப் பெருக்கும் ஒரு இளைஞனின் கதை. குயீன் என்றாலே நினைவுக்கு வரும் பின்னணிக் குரல் அடுக்கு இதில் அறவே கிடையாது. தனிப்பாடலாக அப்படி வந்தது அதுதான் முதல் முறை. பாட வராத ஒருவர் எழுதிய பாட்டு, மெர்குரியின் ஒற்றைக் குரலை எவ்வளவு நம்பியிருக்கிறது என்று கேளுங்கள்.

1982இன் ‘ஹாட் ஸ்பேஸ்’ ஆல்பம் ரசிகர்களைப் பிளந்தது. ராக் எங்கே போனது என்று கோபப்பட்டவர்கள் பலர். அந்தத் திசைக்குத் தள்ளியதில் டீக்கனுக்கும் பங்கு உண்டு. ‘பேக் சாட்’ பாட்டில் கிதார் ஆவர்த்தனமே வேண்டாம் என்று அவர் நிற்க, வேண்டும் என்று பிரையன் மே நிற்க, வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஆவர்த்தனம் சேர்ந்தது. அமைதியான மனிதர் என்பதால் விட்டுக்கொடுத்தே போனவர் என்று நினைக்கக் கூடாது. அந்த ஆல்பம் முழுசாக ஜெயித்தது என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் ‘பேக் சாட்’, மெர்குரியோடு சேர்ந்து எழுதிய ‘கூல் கேட்’ இரண்டும் அன்று வாங்கிய திட்டுக்குத் தகுதியானவை அல்ல.

1984இல் ‘ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ’, பிரிட்டனில் மூன்றாம் இடம். நால்வரும் பெண் வேடம் போட்ட வீடியோவைத்தான் எல்லோருக்கும் தெரியும். டீக்கன் அதில் பாட்டியாக உட்கார்ந்திருப்பார். பாட்டைக் கேளுங்கள்: அடியில் இருப்பது பழைய ப்ளூஸின் நடைதான், இழுத்து நீட்டி வைத்திருக்கிறார். நடுவில் வரும் ஆவர்த்தனமும் பிரையன் மேயின் கிதார் இல்லை. ஃப்ரெட் மேண்டல் என்ற கீபோர்டு கலைஞர் வாசித்த சின்தசைசர்.

படி 9: குப்பைத் தொட்டியிலிருந்து வந்த ஆம்ப்ளிஃபையர்

டீக்கனின் பங்களிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது பேஸில் இல்லை. 1972 வாக்கில் லண்டன் தெருவில் கட்டடக் குப்பை போடும் தொட்டி ஒன்றில் வயர் தொங்கும் ஒரு சர்க்யூட் போர்டு அவர் கண்ணில் பட்டது. ஏதோ ஒரு சிறிய ரேடியோவின் உள்பகுதி. எலக்ட்ரானிக்ஸ் படித்தவர் அல்லவா, எடுத்துக்கொண்டு போனார். அலமாரியில் வைக்கும் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் அதைப் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரி கொடுத்து, வீட்டில் பழகுவதற்கு ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் ஆக்கிக்கொண்டார். சத்தம் கூட்டக் குறைக்கத் திருகுகூடக் கிடையாது.

பிரையன் மே அதில் தன் கிதாரைச் சொருகிப் பார்த்தார். அந்தக் கிதாரே அவரும் அவர் அப்பாவும் வீட்டில் செய்தது. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் நெரிந்து தந்த ஓசை, கிதார் ஓசையாக இல்லை. வயலின் போலவும் கிளாரினெட் போலவும் இருந்தது. அதன் பிறகு குயீனின் கிதார் அடுக்குகள் பலவற்றுக்கும் இந்தப் பெட்டிதான். ‘டீக்கி ஆம்ப்’ என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது.

கேட்க வேண்டியது ‘எ நைட் அட் த ஆபரா’ ஆல்பத்தின் ‘குட் கம்பெனி’. பாதிக்கு மேல் ஒரு முழு ஜாஸ் பேண்டே வந்து வாசிப்பது போல இருக்கும். டிரம்பெட், டிராம்போன், கிளாரினெட் எல்லாம் தெரியும். அங்கே ஊதுகருவி ஒன்றுகூட இல்லை. எல்லாம் பிரையன் மேயின் கிதார், இந்தப் பெட்டி வழியாக. அடுத்து 1974இன் ‘குயீன் II’ ஆல்பத்தைத் தொடங்கிவைக்கும் ‘புரொசெஷன்’ கேளுங்கள். பிரையன் மேயின் ஒலி என்று உலகம் கொண்டாடும் ஒன்றில் டீக்கனின் சால்டரிங் கை இருக்கிறது.

படி 10: மேடையில் பாருங்கள்

1981 நவம்பரில் மான்ட்ரியலில் படமாக்கிய கச்சேரி இதற்கு மிகவும் ஏற்றது. கேமரா டீக்கன் பக்கம் குறைவாகத்தான் போகும். போகும்போது இரண்டைக் கவனியுங்கள். வலது கை, பெரும்பாலும் விரல்களால்தான் வாசிப்பார். கண், அது அடிக்கடி டெய்லரின் பக்கம் இருக்கும். 1982 கச்சேரிகளில் ‘ஸ்டேயிங் பவர்’ வரும்போது பேஸைக் கழற்றிவைத்துவிட்டு ரிதம் கிதார் எடுத்துக்கொள்வார்.

1985 ஜூலை 13 லைவ் எய்டு கச்சேரியை எல்லோரும் மெர்குரிக்காகப் பார்ப்பார்கள். ‘ரேடியோ கா கா’ வரும்போது கூட்டம் கை தட்டுவதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஆல்பத்தில் சின்தசைசர் தூக்கலாக இருந்த பாட்டுக்கு மேடையில் பேஸ் எவ்வளவு உடம்பு கொடுக்கிறது என்று தெரியும்.

மெர்குரி 1991 நவம்பர் 24 அன்று இறந்தார். அதன் பிறகு டீக்கன் மேடையேறியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1997 ஜனவரியில் பாரிஸில் எல்டன் ஜான் பாட ‘த ஷோ மஸ்ட் கோ ஆன்’ வாசித்தார். அதே வருடம் ‘நோ-ஒன் பட் யூ’ பதிவில் மற்ற இருவரோடு சேர்ந்தார். அதோடு விலகிவிட்டார். 2001இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழுவைச் சேர்த்த விழாவுக்கும் வரவில்லை. மற்ற இருவரும் வேறு பாடகர்களோடு தொடர்ந்தபோது தடுக்கவும் இல்லை. அவர் முடிவை மதித்து, பழைய பதிவுகளைக் கேட்டுக்கொள்வோம்.

படி 11: கையில் பேஸ் இருந்தால்

‘அனதர் ஒன்’ பாட்டிலிருந்து தொடங்குங்கள். அசல் வேகம் நிமிடத்துக்கு 110 அடி அளவில். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை 70இல் வையுங்கள். முதலில் அந்த மூன்று ஈ அடிகளை மட்டும். தட்டியதும் வலது கையின் ஓரத்தாலோ இடது கை விரல்களைத் தந்தி மேல் இலேசாகப் படியவைத்தோ சத்தத்தை வெட்டுங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். மூன்று அடியும் ஒரே நீளத்தில் நிற்கும்வரை சங்கதிக்குப் போகாதீர்கள். ஃப்ரெட் அழுத்தும் விரல் பட்டுச் சில சமயம் பக்கத்துத் தந்தியும் அதிரும், அதையும் கேட்டு அடக்குங்கள்.

அடுத்து ‘அண்டர் பிரெஷர்’. கை எளிது, பொறுமைதான் கடினம். பாட்டு ஏறும்போது நீங்களும் வேகம் கூட்டிவிடுவீர்கள். மெட்ரோனோமோடு நான்கு நிமிடம் முழுசாக வாசித்துப் பழகுங்கள்.

பிறகு ‘யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்’. இங்கே ஸ்வரங்களை இணையத்தில் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட, படி 1இல் சொன்னபடி வாயால் முணுமுணுத்துப் பிடித்துவிட்டுப் பேஸில் தேடுங்கள். நேரம் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு நகர்வும் எந்தச் சொல்லுக்கு வழி விடுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

‘த மில்லியனர் வால்ட்ஸ்’ கடைசிக்கு. மேல் ஃப்ரெட்களில் சுருதி சுத்தமாக இருக்கிறதா என்று பேஸை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 12வது ஃப்ரெட்டில் அழுத்தி வாசிப்பதும் ஓப்பன் ஸ்ட்ரிங்கும் சரியாக ஒரு ஸ்தாயி தள்ளி ஒலிக்க வேண்டும். இல்லையென்றால் பேஸின் அடிப்பகுதியில் தந்திகளைத் தாங்கும் பாலத்தில் (பிரிட்ஜ்) உள்ள திருகுகளைச் சரிசெய்ய வேண்டும், கடையில் கொடுத்தால் பார்த்துத் தருவார்கள். பியானோ வாசிக்கத் தெரிந்த நண்பர் யாராவது இருந்தால் கூட உட்காரச் சொல்லுங்கள். பதிவோடு சேர்ந்து வாசிப்பதைவிட, எதிரே ஒருவர் வேகம் கூட்டிக் குறைக்கும்போது கூடவே போகப் பழகுவதுதான் இந்தப் பாட்டுக்குச் சரியான பயிற்சி.